தோண்டுவதை நிறுத்தத் தெரிந்தவர்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்றொரு கிராமம். 1992 நவம்பர் 16 அன்று, நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தர மெட்டல் டிடெக்டருடன் வந்தார் எரிக் லாஸ். கருவி சத்தம் போட்ட இடத்தைத் தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், அள்ள அள்ள ரோமானியக் காசுகள். கொஞ்சம் எடுத்ததுமே லாஸ் நிறுத்திக்கொண்டு தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து, சில பகுதிகளை மண்ணோடு சேர்த்துக் கட்டியாகவே பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். 14,865 காசுகள் தேறின. அதைவிட முக்கியம், எந்தப் பொருள் எதன் பக்கத்தில் இருந்தது என்ற விவரம் கலையாமல் கிடைத்தது. மக்கிப்போன மரப்பெட்டிக்குள் எல்லாம் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். லாஸ் ஆசைப்பட்டு முழுவதையும் வாரியிருந்தால் மிஞ்சியிருப்பது ஒரு மூட்டை வெள்ளி.

லாஸைப் போல மெட்டல் டிடெக்டருடன் தேடும் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது 'எந்தக் கருவி வாங்கலாம்?' என்பதுதான். கருவி வேலை செய்யும் விதம் புரிந்தால் பாதிக் கேள்வி தீரும். தரையோரம் நகரும் தட்டுக்குள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது எழுப்பும் சிறு காந்தப்புலத்தை இன்னொரு சுருள் பிடிக்கும். அந்தப் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து இரும்பா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது. வெறும் ஊகம்தான். மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டின்னின் அலுமினிய வளையமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். குப்பை வேண்டாம் என்று அந்த ஒலியை அடைத்துவைத்தால் மோதிரமும் போச்சு.

பெரிய தட்டு ஆழம் பார்க்கும். ஆனால் ஆணியும் காசும் அருகருகே கிடந்தால் இரண்டையும் குழப்பிவிடும். எதுவானாலும் காசு அளவுள்ள பொருளை ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழம்வரைதான் எதிர்பார்க்கலாம். தட்டைத் தரைக்கு இணையாக, மெதுவாக வீச வேண்டும். புதியவர்கள் வீச்சின் இரு முனையிலும் கையைத் தூக்கிவிடுவார்கள்; அங்கே ஆழம் குறைந்துபோகும். ஈர உப்பு மணலே மின்சாரம் கடத்துவதால் கடற்கரையில் சாதாரணக் கருவிகள் தடுமாறும். மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் கருவிகள் சமாளிக்கும்.

மற்றபடி ஹெட்போன் (ஆழத்துச் சத்தம் மெலிந்துதான் கேட்கும்), குழிக்குள் விட்டுப் பார்க்கும் பின்பாயிண்டர், குறுகலான மண்வெட்டி, குப்பைக்கு ஒரு பை. கிடைத்த காசை அங்கேயே தேய்த்து மினுக்கக் கூடாது. எழுத்தும் சேர்ந்து போய்விடும். எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு குழியை மூடிவிட வேண்டும்.

அனுமதி தனி விஷயம். இங்கிலாந்தில் நில உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தனி அனுமதி இல்லாமல் கருவியை எடுக்கவே கூடாது. புதையல் கிடைத்தால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் வருமுன்பே லாஸ் கண்டெடுத்ததற்கு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி. அவரும் சுத்தியலைத் தொலைத்த அந்த விவசாயி நண்பரும் பங்கிட்டுக்கொண்டார்கள். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. அந்தக் காலத்துப் பத்து ரூபாய்!