ஆபத்துக் காலத்தில் செய்தி



திருகோணமலை நகரிலிருந்து கடலோரமாக வடக்கே செல்வோர், உப்புவெளியைக் கடந்ததும் சாம்பல்தீவை அடுத்து ஒரு சிற்றூரைக் காண்பர். அதன் பெயர் சல்லி. கரையிலே முத்துமாரியம்மன் கோயில். அதற்கப்பால் வங்கக் கடல். கடற்றொழிலே அவ்வூராரில் பெரும்பாலோரின் வாழ்வு. காற்றின் குறிப்பையும் நீரோட்டத்தின் போக்கையும் அவர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்களுடைய கண்ணுக்கும் அனுபவத்துக்கும் எட்டாத தொலைவிலே ஓர் ஆபத்து உருவானால் அதனை அவர்களுக்கு அறிவிப்பவர் யார்? எவ்வாறு அறிவிப்பது? எவ்வளவு நேரத்துக்குள் அறிவிப்பது? இவ்வினாக்களையே இன்று ஆராய எண்ணுகிறேன்.

இக்கரையின் வரலாற்றிலே முன்னறிவிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942 ஏப்ரல் 8ஆம் திகதி, யப்பானியக் கப்பற்படை நெருங்குகிறது என்ற செய்தி கிடைத்ததும், அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டன. மறுநாட் காலை விமானங்கள் வந்து குண்டு வீசியபோது துறைமுகம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. வெளியேறிய கப்பல்களுள் ‘ஹேர்மீஸ்’ என்னும் விமானந் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டதும் உண்மையே. முன்னறிவிப்பு எல்லாவற்றையும் காத்துவிடுவதில்லை. ஆனால் காப்பதற்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது.

அந்த வாய்ப்பு அறுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் இதே கரையின் மக்களுக்குக் கிடைக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, இலங்கையில் காலை ஏழு மணி ஆகுமுன்னர், சுமாத்திராத் தீவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்து நடுங்கிற்று. அங்கு எழுந்த ஆழிப்பேரலை நம் கீழ்க்கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. சல்லியிலிருந்து மேட்டுநிலத்துக்கு நடந்து செல்வதற்கு அந்நேரம் போதாதா? தாராளமாகப் போதும். ஆனால் செய்தி வரவில்லை.

செய்தி உலகில் எங்குமே இல்லாமற் போகவில்லை. ஹவாயித் தீவிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையத்தார் ஏறக்குறையப் பதினைந்து நிமிடங்களில் முதல் அறிக்கையை வெளியிட்டனர். நடுக்கத்தின் உண்மையான வலிமையை அறிய அவர்களுக்கு மேலும் நேரம் வேண்டியிருந்தது. அறிந்த பின்னரும், இந்துமாக்கடல் நாடுகளில் யாரை அழைப்பது, அழைத்தால் கேட்டு நடப்பவர் யார் என்பதற்கு ஓர் ஒழுங்கு அந்நாளில் இருக்கவில்லை. மேலும் அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன.

அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. கீழ்க்கரையை அலை தாக்கிய பின்னரும் தென்மேற்குக் கரைக்குச் சிறிது நேரம் எஞ்சியிருந்தது. அந்நேரத்திலும் ஒரு கரையின் அழுகுரல் மறுகரைக்கு எட்டவில்லை. கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகைவண்டி பெரலியவில் அலையில் அகப்பட்டது; அந்த ஓரிடத்தில் மாண்டோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். இலங்கை முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோரும் 35,000க்கு மேற்படுவர்.

அதே நாளில் நடந்த வேறொரு நிகழ்ச்சியையும் நாம் அறிய வேண்டும். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு ஒரு மீனவர் ஊர். அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலே தொழில் செய்து வந்தார். செய்தியை அறிந்த அவர் உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். ஊரவர் சிலர் பூட்டியிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து உட்சென்று, ஒலிபெருக்கி வழியாக அனைவரையும் கரையை விட்டு ஓடுமாறு அறிவித்தனர். நூற்றைம்பது வரையான வீடுகளும் இருநூறு வரையான படகுகளும் அழிந்தன. ஊரில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்களோ உயிர் தப்பினர்.

நல்லவாட்டைக் காத்தது தற்செயலாக வந்த ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுந்தானா? அன்று. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிறுவிய அந்த மையம், அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் நாள்தோறும் அதே ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. அதனைக் கேட்டே மக்கள் கடலுக்குச் செல்வதா வேண்டாமா என்று முடிவு செய்து பழகியிருந்தனர். ஆகவே அக்குழாயிலிருந்து வந்த சொல்லை ஐயுற அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. அமைதி நாட்களிற் பேசிப் பழகிய வாயையே ஆபத்து நாளில் ஊர் நம்பும். இன்றைய பேச்சின் சாரமாக நேயர்கள் இந்த ஒன்றை நினைவிற் கொண்டாற் போதும்.

பேரழிவின் பின்னர் நம் நாட்டில் மாறுதல்கள் வந்தன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. ஐதராபாத், யக்கார்த்தா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களிலுள்ள நிலையங்கள் இந்துமாக்கடலின் நிலையை நமக்கு அறிவிக்கின்றன. அச்செய்தி வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் வந்து, மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்ற வரிசையில் இறங்கி ஊரை அடைகிறது. கரைவலை இழுப்போரை நோக்குங்கள். கயிறு கைக்குக் கை மாறுகிறது. இடையில் ஒரு கை தளர்ந்தாலும் வலை கரை சேராது. இச்செய்தி வரிசையும் அத்தகையதே.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் ஒரு பெருநடுக்கம் உண்டாயிற்று. எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கிச் சென்றனர். ஆனால் அம்முறை நிலம் மேலெழாமற் பக்கவாட்டில் நகர்ந்தமையாற் பேரலை எழவில்லை. அன்றே எச்சரிக்கை நீக்கப்பட்டது. “வீணாக அலைக்கழித்தார்களே” என்று கூறியவர்களும் உண்டு. அது வீணன்று. கதவைத் தட்டிப் பார்த்த திருடன் திரும்பிச் சென்றான் என்பதற்காக நாளை கதவைத் திறந்து வைத்து உறங்குவோமா? எனினும் அதிகாரிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அலை ஏன் வரவில்லை என்பதை மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். விளக்கம் பெறாதவன் அடுத்த முறை எழுந்திருக்கமாட்டான்.

சூறாவளி இவ்வாறன்று, நாட்கணக்கில் முன்னறிவிப்புத் தரும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரெவி’ திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது, பல்லாயிரம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றிருந்தனர். நாட்கணக்கில் வரும் ஆபத்துக்கு ஒரு திட்டமும், நிமிடக்கணக்கில் வரும் ஆபத்துக்கு வேறொரு திட்டமும் வேண்டும்.

அலுவலகமாயினும் ஆலையாயினும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாயினும், ஒவ்வோர் அமைப்பும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை சில உள. முதலாவது, பேசுபவர் யார் என்பது. அவர் இல்லாத நாளில், சிறப்பாக விடுமுறை நாளில், அவருக்குப் பதிலாகப் பேசுபவர் யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதையும் மறத்தலாகாது. நல்லவாட்டில் கதவை உடைக்க வேண்டி வந்ததை நினைவிற் கொள்க. இரண்டாவது, சொல்லும் சொல். நிகழ்ந்தது என்ன, செய்ய வேண்டியது என்ன, செல்ல வேண்டிய வழி எது, அடுத்த அறிவிப்பு எப்பொழுது என்ற நான்கும் கேட்பவரின் தாய்மொழியிலே, சிறு வாக்கியங்களாக முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். அலை துரத்தும்போது மொழிபெயர்க்க நேரம் இராது. மூன்றாவது, செய்தி செல்லும் வழி. மின்சாரம் நின்றால் வானொலி. கோபுரத்தின் ஒலிகருவி உப்புக் காற்றிற் பழுதுபட்டால் கோயில் மணி. அதுவும் எட்டாத வீட்டுக்கு ஓடிச் சொல்ல ஓர் இளைஞன். நான்காவது, உண்மை. அறியாததை அறியோம் என்று சொல்வதில் இழுக்கில்லை. அறிந்ததை மறைத்தால் அவ்வெற்றிடத்தை வதந்தி வந்து நிரப்பும்.

இவற்றையெல்லாம் தாளில் எழுதிப் பெட்டியிற் பூட்டினாற் பயனில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் ஒத்திகை நடத்த வேண்டும். நடக்க இயலாத முதியவரை யார் தூக்கிச் செல்வது, பள்ளியிலுள்ள பிள்ளைகளை யார் அழைத்துச் செல்வது என்பன ஒத்திகையிலேதான் தெளிவாகும்.

சல்லிக் கரையில் நாளையும் வள்ளங்கள் புறப்படும். ஊர்ச் சங்கத்தார் நாள்தோறும் காலையில் காற்றின் நிலையையும் கடலின் நிலையையும் ஓர் ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் அறிவிப்பாராயின், அதற்குப் பெருஞ் செலவில்லை. “இன்று கடல் அமைதியாக இருக்கும்” என்று நூறு நாள் மெய் சொன்ன குரல், நூற்றோராவது நாள் “ஓடுங்கள்” என்று கூறும்போது, ஊர் ஏனென்று கேட்டு நில்லாது, எழுந்து ஓடும்.