ஒழுகிய ரேடியேட்டரும் ஒத்திப்போட்ட செலவும்

வரி, உரிமம், தராசு முத்திரை என்று நம் இதழில் நிறையப் படித்துவிட்டோம். இம்முறை கடைக்குள் இல்லாமல் கடை வாசலில் நிற்கிற ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறோம். கொள்முதலுக்கும் வசூலுக்கும் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் பலர். அந்தக் காரின் ரேடியேட்டர் ஒழுகினால் குறைந்த செலவில் எப்படிச் சரி செய்வது என்பதே விஷயம். நாம் செய்த தவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

பாலசமுத்திரத்தில் நம் மொத்தக் கடைக்கு 1997-ல் வாங்கிய டீசல் அம்பாசடர் இன்றும் ஓடுகிறது. பழனிக்கு அன்றாடம் போய்வரும். வாரம் ஒருமுறை ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல், மாதம் ஒருமுறை மலை மேல் பெருமாள்மலை, கொடைக்கானல் பக்கம் வசூல். மகன் விற்றுவிடச் சொல்கிறான். விற்றால் இரும்பு விலைதான் வரும். புதிய வண்டி வாங்கினால் வங்கித் தவணை ஏறும். ஆகவே ஓடுகிற வரை ஓடட்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஐப்பசியில் வண்டிக்கு அடியில் முதல் சொட்டைப் பார்த்தோம். காலையில் அரைச் சொம்பு தண்ணீர் ஊற்றினால் மாலை வரை தாங்கும். கார்த்திகையில் ஒரு சொம்பு. மார்கழியில், தைப்பூசத்துக்கு நடந்து வரும் பக்தர் கூட்டத்துக்குச் சரக்கு எடுக்கிற அவசரத்தில், ரேடியேட்டரை நினைக்கவே நேரமில்லை. நண்பர் ஒருவர் மஞ்சள்தூள் போடச் சொன்னார். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். நம் கடையில் மஞ்சளுக்கா பஞ்சம்? இரண்டு கரண்டி போட்டோம், ஒழுகல் நின்றது. நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

மாசியில் திண்டுக்கல் போய்த் திரும்புகையில் ஒட்டன்சத்திரம் தாண்டி மீட்டர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினோம். கூட வந்த கடைப்பையன், இருபது வயதுப் பிள்ளை, நாம் வாய் திறப்பதற்குள் துணியைச் சுற்றி மூடியைத் திருகிவிட்டான். கொதிநீர் ஆள் உயரத்துக்கு எழும்பி அடித்தது. முன்கையும் மார்பும் வெந்துவிட்டன. பக்கத்தில் நின்றவர் நல்லெண்ணத்தில் பற்பசையைத் தடவினார். தீக்காயத்துக்கும் கொதிநீர்க் காயத்துக்கும் செய்ய வேண்டியது ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதுதான். பற்பசை, மாவு, மை எதுவும் கூடாது என்று மருத்துவர் பிறகு சொன்னார். பையன் பத்தொன்பது நாள் கடைக்கு வரவில்லை. மருத்துவச் செலவும் அந்த நாட்களின் சம்பளமும் பதினாலாயிரத்தைத் தாண்டின. அதைக் கொடுத்தோம் என்று பெருமை பேசுவதற்கில்லை. அவன் தாயார் கடை வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றதை மறக்க முடியவில்லை.

அந்தத் தண்ணீர் ஏன் அப்படிப் பாய்ந்தது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் நிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடும். 7 பவுண்டு மூடி என்றால் சமவெளியில் 110 டிகிரியைத் தொட்டுத்தான் கொதிக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் அடங்கியிருந்த தண்ணீர் அந்த நொடியே ஆவியாகிச் சீறும். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கியவுடன் திறப்பாரா யாராவது? மலை மேல் இன்னொரு சங்கதியும் உண்டு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் செத்துப்போன வண்டி, பழனியிலிருந்து அந்த 65 கிலோமீட்டரை ஏறும்போது மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

திண்டுக்கல்லில் ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்கிற ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டோம். கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று ஏற்றினார். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற அதே முறை. கீழ்த்தொட்டி ஓரத்தில் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. பிறகு மேல்தொட்டியைப் பிரித்துக் காட்டினார். "முதலாளி, ஓட்டை சின்னதுதான். அடைப்புதான் பெருசு. மஞ்சள் போட்டீங்களா?" என்றார். ஒப்புக்கொண்டோம். ஓட்டையை அடைக்கிற பொடி எதுவும், கடையில் விற்கிற புட்டி மருந்து உட்பட, ஓட்டை எது, தண்ணீர் போகிற மெல்லிய குழாய் எது என்று பேதம் பார்ப்பதில்லை. ஏற்கெனவே ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் சுண்ணாம்பு படிந்திருந்த குழாய்களில் பாதிக்கு மேல் மஞ்சளால் அடைபட்டிருந்தன. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர்வதற்குப் பொடி உதவலாம். நாலு மாதம் ஓட்டுவதற்கல்ல.

இனி செலவுக் கணக்கு. எல்லா ஒழுகலும் ரேடியேட்டர் ஒழுகலல்ல. இதை முதலில் சோதியுங்கள். இரவு வண்டிக்கு அடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்து, சொட்டு எங்கே விழுகிறது என்று காலையில் பாருங்கள். ஹோஸ் பைப் வெடித்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம், வாட்டர் பம்ப் ஒழுகலாம். இவை சில நூறில் முடியும் அல்லது பம்ப் விலையோடு நிற்கும். ஆயில் குச்சியில் மோர் போல வெளுப்பு தெரிந்தாலோ, இன்ஜின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ரேடியேட்டரை மட்டும் மாற்றுவது வீண்.

ரேடியேட்டர்தான் என்று உறுதியானால், அம்பாசடர் போன்ற பித்தளை, செம்பு ரேடியேட்டருக்கு நான்கு வழிகள். நமக்குச் சொன்ன விலைகளையே தருகிறோம். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். ஓட்டையை மட்டும் ஈயம் வைத்து அடைக்க 600 ரூபாய். மேல்தொட்டி, கீழ்த்தொட்டியை வைத்துக்கொண்டு நடுவிலிருக்கும் கோரை மட்டும் புதிதாகப் போட 4,200. முழுதும் புதியது 7,500. கோவை உக்கடம் பழைய சாமான் கடையில் கழற்றியது 2,500. கடைசியைத்தான் மகன் விரும்பினான். நாம் வேண்டாம் என்றோம். கழற்றியதன் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று யார் கண்டது? குழாய் சுத்தமாக இருந்து ஓரத்தில் மட்டும் விட்டிருந்தால் 600 ரூபாய் வேலையே போதும் என்று பெரியவர் சொன்னார். ஐப்பசியிலேயே போயிருந்தால் நமக்கும் அதுவே போதுமாயிருந்திருக்கும்.

கோர் மாற்றினோம். அதோடு இரண்டு ஹோஸ், நான்கு கிளிப், மூடி, தெர்மோஸ்டாட், கூலண்ட், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் 2,350. மொத்தம் 6,550. பழைய கோரைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது செம்பும் பித்தளையும். எடை போடச் சொன்னதில் 1,500 ரூபாய் கழிந்தது. கடைக்காரனுக்கு எடை போடத் தெரியாதா என்ன!

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து மெக்கானிக்குகளில் பலர் வண்டி சூடாகிறது என்றால் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழையது வேலை செய்கிறதா என்று வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன் மேல் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள் (வீட்டம்மாவின் உத்தரவு இது).

சாமான் வாங்கப் போகும்போது பழைய ரேடியேட்டரையே கையோடு கொண்டுபோங்கள். அம்பாசடர் என்று வாயால் சொன்னால் போதாது. பழைய பெட்ரோல் இன்ஜின், டீசல், 1992-ல் வந்த இசுசு இன்ஜின் என்று வகைகள் பல. ஹோஸ் வாயும் போல்ட் துளையும் ஒத்துப்போக வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி 1950-களின் இறுதியில் தொடங்கிய இந்தக் கார், உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு நின்றது. பெயரை மட்டும் 2017-ல் பிரெஞ்சு பெஜோ நிறுவனம் 80 கோடிக்கு வாங்கியது. ஆகவே இனி கிடைப்பது கடையிருப்பும் வெளியார் தயாரிப்பும்தான். பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குமுன் பலவற்றுக்கு 28 இருந்தது. மாருதி போன்ற பிந்தைய வண்டிகளில் அலுமினிய கோரும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வருகிற ரேடியேட்டருக்கு ஈயம் பிடிக்காது. அது விரிசல் விட்டால் முழுதாக மாற்றுவதுதான் வழி.

மாட்டிய பிறகு தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஓடவிட்டு, காற்று வெளியேறி மட்டம் இறங்க இறங்க நிரப்பி, பிறகு மூட வேண்டும். ஆழ்துளைத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலண்டைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் உறைபனிக்கு வேலையில்லை என்றாலும் துருப்பிடிக்காமல் காக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். வடித்த தண்ணீரைத் தெருவில் கொட்டினால் நாயும் மாடும் நக்கும். அதைப் பிடித்த டின்னை மறுபடி எண்ணெய்க்கோ நெய்க்கோ எடுக்கவே கூடாது. நம் தொழிலில் டின்கள் மாறிப்போவது எவ்வளவு சுலபம் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய காரை வைத்துக்கொள்வதற்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். நமக்கு அடுத்த புதுப்பித்தல் 2027-ல். அப்போது மகன் பேச்சைக் கேட்க வேண்டி வரலாம்.

வேலை முடிந்து இரண்டாம் மாதமே பெருமாள்மலை வரை ஏறி வந்தோம். முள் பாதியைத் தாண்டவில்லை. பையன் கூட வந்தான். கையில் தழும்பு இருக்கிறது. இப்போது திங்கள்தோறும் கடை திறக்குமுன், இன்ஜின் குளிர்ந்திருக்கையில், மூடியைத் திறந்து மட்டம் பார்ப்பது அவன் பொறுப்பு. அவனேதான் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.