ஆட்டுக்கொம்பு சைக்கிளும் 600 கிலோ காற்றும்

“மாமா, ஹேண்டில்பாரைத் தலைகீழா மாட்டிட்டாங்க!”

புது சைக்கிளை வாசலில் நிறுத்தியதும் பக்கத்து வீட்டுக் கயல் சொன்னது இதுதான். அவள் எட்டாம் வகுப்பு. பார்க்க அப்படித்தான் இருந்தது. ஹேண்டில்பார் நடுவில் நேராக வந்து, இரு பக்கமும் முன்னே நீண்டு, செம்மறிக் கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்து பின்னால் திரும்பியிருக்கும். ஊரில் இதை ‘ரேஸ் சைக்கிள்’ என்பார்கள். ஆனால் நான் ரேஸுக்குப் போகவில்லை. திருவான்மியூரிலிருந்து கிண்டிக்கு, வேலைக்குப் போகிறேன்.

இதுவரை நேர் ஹேண்டில்பார் வைத்த சைக்கிளில்தான் போய்வந்தேன். காலையில் வம்பில்லை. மாலையில்தான் பாடு. சென்னையில் கோடைக்காலத்தில் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று அடிக்கும். என் வீடும் கடல் பக்கம். சர்தார் படேல் சாலையில் வீடு திரும்பும்போது, யாரோ நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளுவது போல இருக்கும்.

“வெறும் காத்துதானே மாமா, அது எப்படித் தள்ளும்?” என்றாள் கயல்.

காற்றை நிறுத்துப் பார்ப்போம்

வெறும் காற்று என்று ஒன்று கிடையாது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியை நினைத்துக்கொள். அதற்குள் இருக்கும் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிள் ஓட்டுகிறேன். எதிரே நின்று பார்ப்பவருக்கு என் உடலும் சைக்கிளும் சேர்ந்து அரை சதுர மீட்டர் இடத்தை அடைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர், அதாவது 1,000 மீட்டர், போவதற்குள் என் வழியில் நிற்கும் காற்று எவ்வளவு? 1,000-ஐ அரையால் பெருக்கினால் 500 கன மீட்டர். எடை 600 கிலோ!

கயல் வாயைப் பிளந்தாள். “ஒரு எருமைமாடு எடை!”

ஆமாம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஓர் எருமையளவு காற்றை ஒதுக்கிவிட்டுத்தான் போகிறோம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் எதிர்ப்பு ஒன்பது மடங்கு. நான் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். எதிர்க்காற்றும் மணிக்கு 15 கிலோமீட்டர். என் முகத்தில் மோதும் காற்றின் வேகம் 30. அதாவது, காற்றில்லாத காலையை விட நான்கு மடங்கு எதிர்ப்பு. என் மாலை நேரச் சிரமத்துக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

மூன்று பிடிகள்

இனி கொம்புக்கு வருவோம். இதைப் பிடிக்க மூன்று இடங்கள் உண்டு. நடுவிலுள்ள நேர்க்கம்பியைப் பிடித்தால் ஏறக்குறைய நிமிர்ந்து உட்காரலாம். பிரேக்குக்கு மேலே இருக்கும் ரப்பர் முண்டைப் பிடித்தால் உடல் கொஞ்சம் முன்னே சாயும். கீழ் வளைவைப் பிடித்தால் முதுகு தாழ்ந்துவிடும்.

முதுகு தாழ்ந்தால் எதிரிலிருந்து தெரியும் உடலின் பரப்பு சுருங்கும். அது கால் பங்கு குறைந்தாலே, கிலோமீட்டருக்கு 150 கிலோ காற்று நம் வழியிலிருந்து விலகிவிடும். சைக்கிளுக்கு ஒரு குதிரைபலமும் கூடவில்லை. நான்தான் சிறுத்துப்போனேன்!

முதல் வாரத்துப் பாடங்கள்

எல்லாம் இன்பமாக இருந்ததா? இல்லை. முதல் நாள் தெருமுனை வரை பாம்பு போல நெளிந்துகொண்டே போனேன். பழைய ஹேண்டில்பார் அகலமானது. கை நிறைய நகர்ந்தால்தான் சக்கரம் கொஞ்சம் திரும்பும். புதியது குறுகல். கை லேசாக அசைந்தாலும் சக்கரம் சட்டெனத் திரும்பிவிடுகிறது.

அடுத்தது பிரேக். ரப்பர் முண்டைப் பிடித்தபடி பிரேக்கை அழுத்தினேன். ஒரு வேகத்தடை நெருங்கியும் சைக்கிள் நினைத்த அளவுக்கு நிற்கவில்லை! கீழ் வளைவைப் பிடித்து அழுத்தியபோது அதே பிரேக் நன்றாகப் பிடித்தது. ஏன்? உன் வீட்டுக் கதவைக் கீலுக்குப் பக்கத்தில் ஒரு விரலால் தள்ளிப் பார், அசைய மறுக்கும். கைப்பிடிப் பக்கம் தள்ளு, எளிதில் திறக்கும். பிரேக் பிடியும் ஒரு நெம்புகோல்தான். மேலிருந்து அழுத்தும்போது விரல்கள் அது சுழலும் புள்ளிக்கு அருகில் இருக்கின்றன. கீழிருந்து அழுத்தும்போது அதன் நுனியில் இருக்கின்றன. நுனியில் கொடுக்கும் விசைக்குப் பலன் அதிகம்.

மூன்றாவது, உள்ளங்கை. முன்னே சாய்ந்தால் உடல் எடையில் ஒரு பங்கு கைகளுக்குப் போகிறது. இரண்டு நாள் உள்ளங்கை மரத்துப்போனது. மூன்று பிடிகளையும் மாற்றி மாற்றிப் பிடிக்கப் பழகியதும் சரியாகிவிட்டது.

துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு சாதனை

உடல் வடிவத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு கதை. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்ட முடியும் என்று ஒரு போட்டிச் சாதனை உண்டு. 1972-ல் பெல்ஜியத்தின் எட்டி மெர்க்ஸ், கொம்பு ஹேண்டில்பார் சைக்கிளில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்காக அவர் போனது மெக்சிகோ நகரத்துக்கு. அது கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு!

1993-ல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி தானே ஒரு சைக்கிள் செய்தார். அதில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கைக்கூடப் பொருத்தினார். கைகளை மடக்கி மார்புக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டு, நார்வேயில் 51.596 கிலோமீட்டர் ஓட்டிப் புதிய சாதனை படைத்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த உட்காரும் முறையைத் தடை செய்துவிட்டது.

அப்படியானால் எல்லோருக்கும் கொம்பு வேண்டுமா?

“அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த சைக்கிளைத்தான் நான் ஓட்டுறேன். அதுக்கும் கொம்பு மாட்டலாமா மாமா?” என்றாள் கயல்.

வேண்டாம் என்றேன். காலையில் எனக்கு ஆகும் நேரம் அநேகமாக மாறவே இல்லை. சிக்னலில் நிற்கும்போது காற்று எதிர்ப்பு ஏது? எதிர்க்காற்று வீசும் மாலையில்தான் ஐந்து நிமிடம் மிச்சம். பள்ளிக்கு மெதுவாகப் போய்வர, நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்க்க வசதியான சைக்கிள்தான் நல்லது. எதிர்க்காற்று அடித்தால் முழங்கையை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொள். கண் மட்டும் சாலையை விட்டு விலகக் கூடாது.

காற்றின் பலத்தை நீயும் சோதித்துப் பார்க்கலாம். உன் பரீட்சை அட்டையை எடுத்துக்கொண்டு ஆளில்லாத இடத்தில் நில். முதலில் அட்டையின் அகலப் பக்கம் முன்னே வரும்படி வேகமாக வீசு. பிறகு அதன் விளிம்பு முன்னே வரும்படி வீசு. அட்டை ஒன்றுதான், கையும் ஒன்றுதான். எந்த முறை கை அதிகம் சிரமப்பட்டது, ஏன் என்று உன் நோட்டில் எழுதி வை.