நகரத்துப் புகையும் கிராமத்து அடுப்பும்

2017ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். வட சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் குயாங் என்னும் மாவட்டத்திலுள்ள சில ஆரம்பப் பாடசாலைகளில், பிள்ளைகள் வகுப்பறையை விட்டு வெளியே வந்து முற்றத்து வெயிலில் இருந்து பாடம் படித்தார்கள். வகுப்பறைக்குள் குளிர் தாங்க முடியவில்லை. அங்கிருந்த நிலக்கரி அடுப்புகள் அகற்றப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதிலான புதிய வெப்பமூட்டும் சாதனங்களோ வேலை செய்யத் தொடங்கியிருக்கவில்லை.

தலைநகர் பீஜிங்கையும் அதைச் சூழ்ந்த நகரங்களையும் புகையிலிருந்து மீட்க எடுக்கப்பட்ட பெருமுயற்சியின் ஒரு பக்கம் இது. மறுபக்கத்தையும் பார்த்தால்தான் நாம் சரியான பாடத்தைக் கற்கலாம்.

ஒரே கரி, இரண்டு கேடுகள்

சீனாவின் கைத்தொழில் வளர்ச்சிக்குப் பெரும்பாலும் நிலக்கரியே எரிபொருளாயிற்று. 2006ஆம் ஆண்டளவில், உலகில் மிக அதிகமாகக் காபனீரொட்சைட்டை வெளியேற்றும் நாடாக அது மாறியது. நிலக்கரி எரியும்போது எழும் நுண்ணிய தூசு நெஞ்சை அடைக்கிறது. கூடவே வெளிவரும் காபனீரொட்சைட்டு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பூமியைச் சூடாக்கி, மழையையும் பருவத்தையும் குழப்புகிறது. அந்தக் குழப்பத்தை முதலில் உணர்பவன் விவசாயி.

2013 செப்டெம்பரில் சீன அரசாங்கம் காற்றைச் சுத்தமாக்கும் திட்டமொன்றை அறிவித்தது. பீஜிங்கின் பெரிய நிலக்கரி மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசி நிலையம் 2017 மார்ச்சில் நின்றது. அவற்றின் இடத்தை இயற்கை வாயு பிடித்தது. ஒரே அளவு வெப்பத்துக்கு வாயு வெளியிடும் காபனீரொட்சைட்டு, நிலக்கரி வெளியிடுவதில் ஏறத்தாழ அரைவாசிதான். 2013இல் ஒரு கன மீற்றர் காற்றில் 89.5 மைக்கிரோகிராமாக இருந்த நுண்தூசு, 2017இல் 58 ஆகக் குறைந்தது. இது உண்மையான நன்மை.

இடம் மாறிய புகை

பீஜிங்கின் மேற்கே இருந்த ஷோகாங் உருக்காலை 2010இன் முடிவில் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் உருக்கு உற்பத்தி நின்றுவிடவில்லை. ஹெபெய் மாகாணக் கரையோரத்திலுள்ள சாவ்ஃபெய்தியனுக்கு மாறியது. தலைநகரின் கணக்கில் புகை குறைந்தது. ஆனால் காபனீரொட்சைட்டு எங்கிருந்து எழுந்தாலும் சேர்வது ஒரே வானத்தில்தான்.

தெற்கிலுள்ள சென்சென் நகரம் வேறு வழியிற் சென்றது. டீசல் பஸ்களைப் படிப்படியாக மாற்றி, 2017 முடிவில் தனது 16,359 பஸ்களையும் மின்சாரத்தில் ஓடச் செய்தது. அவற்றின் விலையில் பெரும் பங்கை அரசாங்கம் மானியமாக ஏற்றது. மின்னேற்றும் நிலையங்களும் கூடவே அமைக்கப்பட்டன. இங்கும் ஒரு கேள்வி உண்டு: அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது? 2023இல்கூட சீனாவின் மின்சாரத்தில் நூற்றுக்கு 60 பங்கு அளவு நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. பஸ்ஸை மாற்றினாற் போதாது, மின்நிலையத்தையும் மாற்றவேண்டும்.

அடுப்பணைந்த வீடுகள்

2017இல் பீஜிங், தியன்ஜின் ஆகியவற்றிலும் சூழவுள்ள 26 நகரங்களிலும் 30 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளை நிலக்கரியிலிருந்து வாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றத் திட்டமிட்டார்கள். இவற்றிற் பல கிராமத்து வீடுகள். சில இடங்களில் குளிர்காலம் வந்தும் குழாய் வரவில்லை. குழாய் வந்த இடங்களிலும் வாயு போதவில்லை. மானியம் கிடைத்தும் வாயுவின் செலவு ஏழைகளுக்குப் பாரமாயிற்று. டிசெம்பர் 4ஆம் திகதி சுற்றாடல் அமைச்சு அவசரக் கடிதம் ஒன்றை அனுப்பியது: மாற்றம் முடியாத இடங்களில் நிலக்கரியையே எரிக்கலாம், மக்கள் குளிர்காயவேண்டியதே முதற் கடமை.

மாற்றம் பிழையல்ல, அதைச் செய்த ஒழுங்குதான் பிழை. புதிய அடுப்பு எரிந்த பின்னரே பழைய அடுப்பை எடுத்திருக்க வேண்டும்.

திட்டங்கள் நம்மையும் தேடி வருகின்றன. அடுப்பை இழந்து, மூன்று கல் வைத்து மீண்டும் மூட்டிய நமக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் எந்தத் திட்டம் வந்தாலும், சங்கக் கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

பழையது போகுமுன் புதியது வந்து சேருமா?

அதன் செலவை, மானியம் நின்ற பின்னர், யார் சுமப்பது?

இங்கே குறையும் புகை, இன்னொருவர் வாசலில் எழுமா?