வாசற்படியில் மட்டுமா பரீட்சை?

ஒரு சங்கத்தில் சேர விழையும் தேசம் தன் பிரஜைகளை எவ்விதம் நடத்துகிறது என்று சங்கத்தார் விசாரிப்பது நியாயமே. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையோர் பாதுகாப்பு ஆகியவை நிலைபெற்ற நாட்டுக்கே ஐரோப்பிய யூனியனில் இடமுண்டு என்று 1993-ம் வருஷத்துக் கோபன்ஹேகன் மாநாடு நிர்ணயித்தது. விண்ணப்பித்த நாடுகளை ஐரோப்பியக் கமிஷன் ஆண்டுதோறும் பரிசீலித்து அறிக்கை வெளியிடுகிறது.

இதனால் பலன் உண்டா? துருக்கியின் அனுபவத்தை நோக்குவோம். 1987-ல் மனுச் செய்த அந்நாட்டை 1999-ல் ஹெல்சிங்கி மாநாடு வேட்பாளராக ஏற்றது. பின்னர் நிகழ்ந்த சீர்திருத்தங்கள் அற்பமானவையல்ல. சமாதான காலத்து மரண தண்டனை 2002-ல் ஒழிந்தது. 2004-ல் அது அடியோடு நீங்கிற்று. அரசாங்கப் பாதுகாப்பு நீதிமன்றங்கள் கலைக்கப்பட்டன. குர்து மொழி சர்க்கார் ரேடியோவிலேயே ஒலித்தது. கதவு திறக்குமென்ற நம்பிக்கை இவற்றுக்குப் பெருந்தூண்டுதலாயிற்று என்பதை யார் மறுக்க முடியும்?

2005-ல் பேச்சு தொடங்கியது. ஆனால் துருக்கிக்குப் பூரண அங்கத்துவம் கூடாதென்று ஐரோப்பியத் தலைவர்கள் சிலர் வெளிப்படையாகவே கூறினர். நீதியையும் அடிப்படை உரிமைகளையும் பற்றிய 23-வது அத்தியாயத்தை ஸைப்ரஸ் தடுத்தது. மாணவன் எந்தப் பாடத்தில் பலவீனனோ, அந்தப் பாடத்தையே நடத்த மறுப்பது என்ன உபாத்திமை!

2016-ல் நிகழ்ந்த ராணுவச் சதிக்குப் பின் துருக்கியில் கைதுகள் பெருகின. 2018-ல் பேச்சு ஸ்தம்பித்துவிட்டதென யூனியனே அறிவித்தது. 2017 முதல் சிறையிலிருந்த ஓஸ்மான் கவாலாவை உடனே விடுவிக்குமாறு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தும், 2022-ல் அவருக்கு ஆயுள் தண்டனையே கிட்டியது. இக்கொடுமைக்கு முதற்பொறுப்பு துருக்கியின் ஆட்சியாளரையே சாரும். ஆயினும் பரிசு பொய்யென்று தெரிந்தபின் பரீட்சகரின் சொல்லுக்கு வலிமை ஏது?

உள்ளே நுழைந்தவர் கதையோ வேறு. 2004-ல் சேர்ந்த ஹங்கேரியில் சட்டத்தின் ஆட்சி பேராபத்தை எதிர்நோக்குகிறதென ஐரோப்பியப் பார்லிமெண்ட் 2018-ல் தீர்மானித்தது. எனினும் அங்கத்தினரின் வாக்குரிமையைப் பறிக்க வேண்டுமானால், குற்றம் நிலைபெற்றதென ஏனைய நாடுகள் அனைத்தும் ஒருமுகமாகத் தீர்மானிக்க வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் முயற்சி வீணே.

ஆகவே நாம் சொல்வது இதுவே. அறிக்கைகள் தொடரட்டும்; ஆனால் வெளியே நிற்போருக்கும் உள்ளே அமர்ந்தோருக்கும் அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும். உரிமை அயலார் வழங்கும் பரிசன்று. அயலார் கண்காணிப்பு ஊன்றுகோலாகலாம். நடக்க வேண்டியவர்கள் அந்தந்த நாட்டு மக்களே. அவர்கள் சிறையில் வாடும்போது, ஊன்றுகோலைப் பேரம் பேசும் பொருளாக்குவது தர்மமாகாது.