பொற்கொல்லன் பேச்சும் கண்ணகி பேச்சும்

பேச்சுப் போட்டி என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும் எங்கள் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிடுவோம். மீதிப் பேர் கைதட்டத் தயாராகிவிடுவோம். இந்த ஆண்டு பட்டிமன்றத்தில் எந்த அணியில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். நாங்கள் நம்பாத கட்சியே எங்களுக்கு வந்தது. ஆயினும் மூச்சு விடாமல் பேசினோம், பரிசும் பெற்றோம். வீடு திரும்பும்போது பேருந்தில் எங்களுள் ஒருத்தி, "நாம் பேசியதில் ஒரு வார்த்தையாவது உண்மையா?" என்று கேட்டாள். லஸ் கார்னரில் ஏறிய நாங்கள் அடையாறு வரும்வரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

கிரேக்க நாட்டில் இதே கேள்வி ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. ஏதென்ஸ் நகர நீதிமன்றங்களில் வழக்காடுபவர் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான குடிமக்கள் அமர்ந்து கேட்டு வாக்களிப்பார்கள். பேசத் தெரியாதவன் நிலத்தை இழப்பான். சில வேளைகளில் உயிரையே இழப்பான். ஆகவே, காசு வாங்கிக்கொண்டு பேச்சுக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தோன்றினார்கள். அவர்களுள் புகழ் பெற்றவர் கோர்கியாஸ். சிசிலித் தீவிலிருந்து கி.மு. 427-இல் ஏதென்ஸுக்குத் தூது வந்தவர். உடலில் மருந்து எப்படி வேலை செய்கிறதோ அப்படியே உள்ளத்தில் சொல் வேலை செய்கிறது என்பது அவர் கருத்து. மருந்தில் நஞ்சும் உண்டு என்பதையும் அவர் மறக்கவில்லை.

தத்துவ ஞானி பிளேட்டோவுக்கு இந்தக் கலை சிறிதும் பிடிக்கவில்லை. கோர்கியாஸின் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் உரையாடல் நூல் எழுதினார். மருத்துவரும் சமையற்காரரும் குழந்தைகள் முன்னிலையில் வழக்காடினால் வெற்றி யாருக்கு என்று அதில் கேட்கிறார். கசப்பு மருந்து தருபவரா, பலகாரம் தருபவரா? எங்கள் வீட்டுத் தம்பி தங்கைகளை வைத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்! பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் இந்தக் கலையைக் கோபித்து ஒதுக்காமல் ஆராய்ந்தார். பேசுபவரின் நற்பண்பு, கேட்பவரின் உள்ளத்தில் எழும் உணர்ச்சி, பேச்சில் உள்ள நியாயம் ஆகிய மூன்றுமே கேட்பவரை நம்பச் செய்கின்றன என்றார். சாட்சி, ஒப்பந்தம், சத்தியம் போன்றவை இவற்றுக்கு வெளியே உள்ளவை. அவற்றைப் பேசுபவர் உண்டாக்குவதில்லை, எடுத்துப் பயன்படுத்துகிறார்.

இவ்வளவும் படித்த பிறகு எங்களுக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. உ.வே. சாமிநாத ஐயர் ஏடு ஏடாகத் தேடி 1892-இல் அச்சிட்டுத் தந்த அதே நூல்தான். அதன் மதுரைக் காண்டத்தில் இரண்டு பேச்சுகள் உள்ளன. முதற் பேச்சு ஒருவனைக் கொல்கிறது. இரண்டாம் பேச்சு அவன் குற்றமற்றவன் என்று காட்டுகிறது.

முதற் பேச்சைப் பேசியவன் அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலனைக் கண்டதும் பழியை அவன்மேல் போட வழி கிடைத்துவிட்டது. ஊடல் கொண்ட அரசியைச் சமாதானப்படுத்தச் சென்றுகொண்டிருந்த பாண்டியன், ஒன்றும் விசாரிக்காமல் காவலரை அனுப்பிவிடுகிறான். ஆனால் காவலர் கோவலனைப் பார்த்ததும் தயங்குகின்றனர். இவன் முகத்தில் திருட்டுக் களையே இல்லையே என்கின்றனர். இந்த இடத்தில்தான் பொற்கொல்லனின் திறமை வெளிப்படுகிறது. அவன் நகைத்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர் துணையாகக் கொள்ளும் எட்டையும் வரிசையாக விளக்குகிறான். இளவரசனின் ஆரத்தைத் திருடி மாயமாய் மறைந்த ஒரு கள்வனின் கதையையும் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்த காவலருள் ஓர் இளைஞன் தானும் ஒரு கள்வனிடம் ஏமாந்த கதையைச் சொல்லிச் சேர்ந்துகொள்கிறான். அச்சம் பரவிவிட்டது. முடிவில் கல்வியறிவில்லாத, குடிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

தோழியரே, இந்தப் பேச்சை இரண்டு மூன்று முறை படித்துப் பாருங்கள். உலகத்துக் கள்வர்களைப் பற்றியெல்லாம் பேசுகிறான். எதிரே நிற்கும் கோவலனைப் பற்றி ஒரு சான்றும் தரவில்லை. கள்வனைப் போல் இல்லை என்பதையே, பாருங்கள் எவ்வளவு கைதேர்ந்த கள்வன் என்று திருப்பிவிடுகிறான். இப்படிப்பட்ட குற்றச்சாட்டுக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? நல்லவனாகத் தெரிந்தாலும் குற்றம். கெட்டவனாகத் தெரிந்தாலும் குற்றம். இதைப் படித்தபோது எங்களுக்குச் சற்று வெட்கமாக இருந்தது. முன்பு ஒருமுறை வகுப்பில் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமற்போனபோது, ஒருத்தி பேசிய பேச்சில் மயங்கி, வாயே திறக்காத மற்றொருத்தியை நாங்கள் எல்லோரும் சந்தேகித்தோம். பெட்டி இரண்டு நாள் கழித்து ஜன்னல் திட்டின்மேல் கிடைத்தது. அந்தக் காவலரை நாங்கள் எந்த முகத்தோடு குறை கூறுவது?

இரண்டாம் பேச்சு வழக்குரை காதையில் வருகிறது. அவிழ்ந்த கூந்தலும் புழுதி படிந்த மேனியும் கையில் ஒற்றைச் சிலம்புமாகக் கண்ணகி அரசவைக்கு வருகிறாள். பார்த்தவர் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அவள் இரக்கம் கேட்கவில்லை. நீ யார் என்று அரசன் கேட்டதும் தன் பெயரைக்கூட முதலில் சொல்லாமல், புறாவுக்காகத் தன்னையே தந்த சோழனையும், பசுவின் துயர் கண்டு தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் சொல்லி, அவர்கள் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். ஊர்ப்பெருமை பேசுவதாக நாங்கள் முதலில் நினைத்தோம். அது பெருமையன்று, ஓர் அளவுகோல். அரசன் என்றால் இப்படி என்று காட்டிவிட்டுத்தான் வழக்கைத் தொடங்குகிறாள்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். அதை அவள் மறுத்து வாதிடவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அவன். சிலம்பை உடைப்பதற்கு முன்னரே இரு தரப்பும் வாயால் சொல்லியாயிற்று. இனி எவரும் பின்வாங்க முடியாது. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. பொற்கொல்லன் சொல் கேட்ட நானோ அரசன், நானே கள்வன் என்று பாண்டியன் தன்னையே அவள் வைத்த அளவுகோலால் அளந்து உயிர் விடுகிறான். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றும் இதில் உள்ளன. வெளியிலிருந்து வரும் சான்றும் உள்ளது. பொற்கொல்லன் பேச்சில் இல்லாதது அந்தச் சான்று ஒன்றே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பெண் எழுந்து தன் வழக்கைப் பேச முடியாது. அவளுக்காகத் தந்தையோ கணவனோ வேறு ஆண் உறவினரோ பேசவேண்டும். கணவனை இழந்து அயலூரில் தனியே நின்ற கண்ணகிக்கு அங்கே வழக்கே இருந்திருக்காது!

மெரினா கடற்கரைச் சாலையில் அவள் சிலை 1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவப்பட்டது. 2001-இல் அகற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் வைக்கப்பட்டது. அந்த வழியே போகும்போது முன்பெல்லாம் அவளுடைய கோபத்தைத்தான் பார்ப்போம். இப்போது கையில் உள்ள சிலம்பைப் பார்க்கிறோம்.

அடுத்த ஆண்டுப் பட்டிமன்றத்தில் சீட்டுக் குலுக்க வேண்டாம், நம்புகிற கட்சியையே பேச விடுங்கள் என்று சிஸ்டரிடம் கேட்க எண்ணியிருந்தோம். பேருந்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவளே இப்போது தடுக்கிறாள். பொற்கொல்லன் கட்சியையும் ஒருமுறை பேசிப் பார்த்தவளுக்குத்தான் மற்றவர் அப்படிப் பேசும்போது அது எங்கே ஏமாற்றுகிறது என்று தெரியும் என்பது அவள் வாதம். இரு பக்கமும் வாதிடத் தெரிந்திருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லியிருக்கிறாராம். ஆகவே எங்கள் வகுப்பு இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. இந்தப் பிரிவு மட்டும் சீட்டுக் குலுக்கி வந்ததன்று.