தாவும் விரலும் தங்காத மனமும்

கருத்தூன்றிச் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளை மனித மூளையால் ஒரே கணத்தில் செய்ய முடியாது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவுகிறது, பிறகு திரும்பி வருகிறது. புத்தகத்தில் ஆழ்ந்திருப்பவருக்கு வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்கப் பத்து விநாடி போதும். ஆனால் விட்ட வரியைத் தேடி, முந்தைய பத்தியை மறுபடி படித்து, ஓடிக்கொண்டிருந்த எண்ணத்தைப் பிடிக்க அதைவிட அதிக நேரம் போகிறது. முடிக்காமல் விட்ட வேலையின் நினைப்பு அடுத்த வேலையையும் கெடுக்கிறது என்பதை 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் சோதனைகளில் காட்டினார்.

புதிதாக அறிந்ததை ஏற்கெனவே தெரிந்தவற்றோடு பொருத்திப் பார்ப்பதும், முரண் தட்டும் இடத்தில் நின்று யோசிப்பதும்தான் ஆழ்ந்த சிந்தனை. அதற்கு வேண்டியவற்றை மூளை தற்காலிக நினைவில் ஏந்தியிருக்க வேண்டும். அங்கே ஒரே சமயத்தில் நாலைந்து விஷயங்களுக்கு மேல் நிற்பதில்லை. திரையில் ஓர் அறிவிப்பு மின்னினால் அவற்றில் சில நழுவிவிடுகின்றன.

வகுப்பறையில் இதன் விளைவை ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகமும் அருகிலுள்ள ஹமில்ற்றனின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஃபாரியா சனா, டினா வெஸ்டன், நிக்கலஸ் செபெடா ஆகியோரின் அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. வானிலையியல் பற்றிய 45 நிமிட விரிவுரையை மாணவர்கள் மடிக்கணினியில் குறிப்பெடுத்தபடி கேட்டார்கள். பாதிப் பேருக்கு மட்டும், இடையிடையே இணையத்தில் செய்து முடிக்கச் சில சில்லறை வேலைகள் தரப்பட்டன. பிறகு நடந்த தேர்வில் அவர்களுடைய மதிப்பெண் மற்றவர்களைவிட 11 சதவீதப் புள்ளி குறைந்தது. இது எதிர்பார்க்கக்கூடியதே. இரண்டாவது சோதனைதான் கவலை தருவது. அதில் காகிதத்தில் மட்டும் குறிப்பெடுத்த மாணவர்களில் சிலர், வேறெதையோ மேய்ந்துகொண்டிருந்தவர்களின் திரை கண்ணில் படும் இடத்தில் அமர்த்தப்பட்டார்கள். திரை படாத இடத்தில் இருந்தவர்களைவிட அவர்கள் 17 புள்ளி குறைவாகப் பெற்றார்கள். "என் பாட்டுக்குப் பார்க்கிறேன், யாருக்கு என்ன நட்டம்?" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

மனிதரின் கவனம் எட்டு விநாடியாகச் சுருங்கிவிட்டது, தங்கமீனுக்குக்கூட ஒன்பது விநாடி உண்டு என்ற பேச்சு 2015இல் மைக்ரோசாஃப்ட் கனடாவின் அறிக்கை ஒன்றால் உலகெங்கும் பரவியது. அந்த எண் அந்த நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு அல்ல. வேறொரு தளத்திலிருந்து எடுத்தது, அதற்கு உருப்படியான ஆதாரமும் கிடையாது. கவனத்துக்கு இத்தனை விநாடி என்று நிலையான அளவு இல்லை. பிடித்த கிரிக்கெட் ஆட்டத்தை நாள் முழுவதும் பார்ப்பவரும், பாடப்புத்தகத்தில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்காதவரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

அப்படியானால் விரல் ஏன் தாவிக்கொண்டே இருக்கிறது? தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவில், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் கேட்டி டாமும் மைக்கல் இன்ஸ்லிக்டும் இதை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். மொத்தம் ஏழு சோதனைகள், 1,200க்கும் அதிகமான பங்கேற்பாளர்கள். ஒரு சோதனையில், ஒரு முறை ஒரே காணொளியைப் பத்து நிமிடம் முழுதாகப் பார்க்க வேண்டும். இன்னொரு முறை ஐந்து நிமிடக் காணொளிகள் பலவற்றுக்கிடையே இஷ்டம்போல் தாவலாம். தாவினால் சலிப்பு குறையும் என்றே பங்கேற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் தாவியபோதுதான் அதிகம் சலித்தது. ஒரே காணொளியில் தங்கியபோது நிறைவும் கூடுதலாக இருந்தது. சலிப்பைத் தீர்க்க ரீல்ஸ் தள்ளுகிறவர் அந்தத் தள்ளலாலேயே மேலும் சலித்து, மறுபடி தள்ளுகிறார். இச்சோதனைகளில் பல மாணவர்களைக் கொண்டே நடந்தன என்பதால், எல்லா வயதினருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது.

பள்ளிகள் கைபேசி விஷயத்தில் தடுமாறித்தான் வந்திருக்கின்றன. ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபை கைபேசிக்கு விதித்திருந்த தடையை 2011இல் நீக்கி, முடிவை ஆசிரியர்களிடம் விட்டது. 2019இல் ஒன்ராறியோ மாகாண அரசு வகுப்பு நேரத்தில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் அதே ரொறன்ரோ சபை உட்பட நான்கு பள்ளிச் சபைகள் மெட்டா, ஸ்நாப், பைட்டான்ஸ் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. இந்நிறுவனங்களின் செயலிகள் பிள்ளைகள் சிந்திக்கும், கற்கும் விதத்தையே மாற்றிவிட்டன என்பது சபைகளின் குற்றச்சாட்டு. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் மாகாண விதி இறுகியது: 6ஆம் வகுப்பு வரை, பள்ளி நேரம் முழுவதும் கைபேசி ஒலியடங்கி, கண்ணில் படாமல் இருக்க வேண்டும், 7 முதல் 12 வரை, ஆசிரியர் அனுமதித்தாலொழிய வகுப்பில் எடுக்கக் கூடாது. கண்ணில் படாமல் என்ற நிபந்தனை மற்றவர்களுக்காகவும்தான் என்பது யோர்க் ஆய்வைப் படித்தவர்களுக்குப் புரியும்.